ஒத்தியா, கிரயமா? கொள்ளுத்தாத்தா பத்திரத்தின் சொற்கள்

வாசகர் கடிதம்: எங்கள் பூர்வீகம் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா காலமான பிறகு பெட்டியில் இரண்டு பழைய பத்திரங்கள் கிடைத்தன. இரண்டுமே கொள்ளுத்தாத்தா பெயருக்கு எழுதியவை. ஒன்று வீட்டு மனைக்கான சுத்தக் கிரயப் பத்திரம். ‘நள வருஷம் தை மாதம், பசலி 1326’ என்று இருக்கிறது. மற்றது 2 மா 40 குழி நஞ்சைக்கான ‘சுவாதீன ஒத்திப் பத்திரம்’. ‘பிரஜோற்பத்தி வருஷம் ஆவணி மாதம், பசலி 1341’. நிலத்தின் பட்டா அப்பா பெயரில் உள்ளது. அண்ணன்கள் நிலத்தை விற்க ஆள் பார்த்துவிட்டார்கள். “தொண்ணூறு வருஷமாக நாம்தானே உழுகிறோம், பட்டாவும் நம் பெயரில் இருக்கிறது, ஒத்தி, கிரயம் என்பதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு, இரண்டும் ஒன்றுதான்” என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நிதி நிட்சேபம், புத்திர பௌத்திர பாரம்பரியம், தானாதி வினிமய விக்கிரயம், ஷை, வாய்தா, பைசல் என்று பக்கம் முழுக்கப் புரியாத சொற்கள். எது முக்கியம், எது சும்மா எழுதியது என்று விளக்க முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் ஒன்றல்ல. கிரயம் என்றால் சொத்து கைமாறிவிட்டது. ஒத்தி என்றால் சொத்து கடனுக்கு ஈடாக உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அனுபவத்துக்கு வந்தது; சொந்தக்காரர் வேறொருவர். உங்கள் மனம் ஒப்பாதது நியாயம்தான். அட்வான்ஸ் எதுவும் கைநீட்டி வாங்குவதற்கு முன் அண்ணன்மாரை இந்தப் பதிலைப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் தேதியைத் தெளிவாக்கிக்கொள்வோம். அறுபது வருடங்களும் சுழன்று சுழன்று வருவதால் வருஷப் பெயரை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. பிரஜோற்பத்தி 1931-லும் வந்தது, 1991-லும் வந்தது. பசலிதான் நமக்குக் கை கொடுக்கும். ‘ஃபஸல்’ என்ற அரபுச் சொல்லுக்குப் பருவம், அறுவடை என்று பொருள். வரி வசூலை அறுவடையோடு பொருத்துவதற்காக அக்பர் காலத்தில் ஏற்பட்ட ஆண்டுக் கணக்கு அது. நம் ஊரில் பசலி ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. தாலுகா அலுவலகத்தில் இன்றைக்கும் கணக்கு அப்படித்தான்; வருடா வருடம் ஜமாபந்தி என்ற வருவாய்க் கணக்குத் தணிக்கை நடப்பதும் பசலிக் கணக்கை முடிக்கத்தான். பத்திரத்தின் மாதம் ஜூலைக்கும் டிசம்பருக்கும் நடுவில் விழுந்தால் பசலியோடு 590-ஐக் கூட்டுங்கள். ஜனவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் விழுந்தால் 591. ஆக, ஆவணி மாதத்து ஒத்திப் பத்திரம் 1931 ஆகஸ்ட் அல்லது செப்டம்பர். தை மாதத்துக் கிரயப் பத்திரம் 1917-ன் தொடக்கம், 1916 அல்ல. வில்லங்கம், அதாவது சொத்தின் மீது பதிவான பழைய பத்திரங்களை, தேடும்போது இந்த ஒரு வருடப் பிசகால் பதிவையே தவறவிட்டவர்கள் உண்டு.

அளவையும் சரிபார்த்துவிடலாம். தஞ்சாவூர்ச் சீமையில் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. உங்கள் 2 மா 40 குழி என்பது 240 குழி, அதாவது 34,560 சதுர அடி. ஏறக்குறைய 79 சென்ட். பட்டாவில் ஹெக்டேர் கணக்கில் 0.32 அல்லது அதற்குப் பக்கத்தில் இருந்தால் நிலம் பொருந்துகிறது. செங்கல்பட்டுப் பக்கத்து உறவினர் யாரிடமும் இந்தக் கணக்கைக் கேட்காதீர்கள். அங்கே குழி 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி, அதாவது 1.32 ஏக்கர். பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு நான்கு மடங்கு. அளவுக்கும் நான்கெல்லைக்கும் முரண் வந்தால் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லையையே பிடித்துக்கொள்ளும். அதனால் ‘இதற்கு எல்லை’ என்று தொடங்கும் பத்தியைப் பக்கத்து நிலத்துக்காரர்களின் பழைய பெயர்களோடு நிதானமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி சொற்களுக்கு வருவோம்.

நம் பத்திரங்களின் தமிழ் பல காலத்துப் படிவுகள் சேர்ந்தது. அடியில் இருப்பது கல்வெட்டுத் தமிழ். சோழர் காலக் கல்வெட்டுகளில் விலை ஆவணம், ஆவணக்களரி, காணி ஆகிய சொற்களைப் பார்க்கலாம். ஒத்தியும் இந்த அடுக்கைச் சேர்ந்ததுதான். பழைய வடிவம் ஒற்றி. அதற்கு மேல் அரசர்களின் தான சாசனங்களிலிருந்து வந்த வடமொழி வாசகங்கள். அதற்கும் மேல் ஆற்காட்டு நவாபு, தஞ்சை மராட்டியர் ஆட்சிகளின் வழியாக வந்த பாரசீக, அரபுச் சொற்கள். கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, ஆட்சி வந்தபோது இவற்றில் எதையும் தள்ளவில்லை. ரிஜிஸ்டர், ஸ்டாம்பு, வால்யம் என்று தன் பங்கையும் சேர்த்துவிட்டுப் போனது. பத்திரம் எழுதுகிறவர் முந்தைய பத்திரத்தைப் பார்த்தே அடுத்ததை எழுதினார். சொல்லை மாற்றினால் உரிமை மாறிவிடுமோ என்கிற பயத்தில் யாரும் எதையும் நீக்கவில்லை.

பாரசீக, அரபு வழியில் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாய்தா என்பது வாக்குறுதி என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பத்திரத்தில் ‘வாய்தாப்படி கிஸ்தி செலுத்தி’ என்றால் குறித்த தவணையில் நிலவரி கட்டி என்று அர்த்தம். கோர்ட்டில் அதே சொல் அடுத்த விசாரணைத் தேதி ஆகிவிட்டது. கிஸ்தி என்றால் தவணை. பைசல் என்றால் தீர்ப்பு, தீர்வு. கடனைப் பைசல் செய்தேன் என்றால் கணக்கை முடித்தேன். தாவா என்றால் உரிமைக்கோரிக்கை. அசல், நகல், பாக்கி, வசூல், ரத்து, ஜாமீன், ஆஜர், வக்கீல், முன்சீப் எல்லாம் அந்த வழியில் வந்தவையே. ராஜிநாமா என்றால் சம்மதக் கடிதம். இன்று வேலையை விடுவதற்குச் சொல்கிறோம். பழைய பத்திரத்தில் ராஜி என்று பார்த்தால் சமரசம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஷை என்பது சொல்லே அல்ல, குறி. மேற்படி என்பதற்கு ௸ என்றொரு எழுத்து இருந்தது. பார்வைக்கு அது ஷகரம் போல இருக்கும். ‘ஷை சொத்து’ என்றால் மேற்படி சொத்து. அதே போல நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹ என்று குறிகள் உண்டு. பெயருக்கு முன்னால் ‘ம-ள-ள-ஸ்ரீ’ என்று இருந்தால் அது இனிஷியல் அல்ல, மகாராஜராஜஸ்ரீ என்கிற மரியாதை அடைமொழி. இனிஷியல் என்று நினைத்து வாரிசுச் சான்றோடு பொருத்தப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நிதி நிட்சேபம் உங்கள் கிரயப் பத்திரத்தில்தானே இருக்கிறது? முழு வாசகம் ‘நிதி நிட்சேப ஜல தரு பாஷாண’ என்று போகும். நிதி என்றால் புதையல். நிட்சேபம் என்றால் ஒருவர் வேண்டுமென்றே புதைத்து வைத்த பொருள். ஜலம் தண்ணீர், தரு மரம், பாஷாணம் கல். சில பத்திரங்களில் இதற்கு மேலும் அட்சீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று தொடரும்: குறையாமல் இருந்துவரும் பலன், இனிமேல் வரக்கூடிய பலன், ஏற்கெனவே சாகுபடியில் உள்ளது, இனிச் சாகுபடிக்குக் கொண்டுவரக் கூடியது. தரு நீங்கலாக மற்ற எட்டுக்கும் அஷ்டபோகம் என்று பெயர். விஜயநகர அரசர்கள் கிராமங்களைத் தானம் கொடுத்த செப்பேடுகளில் இருக்கும் அதே வாசகம். கிராமத்தையே கொடுக்கும் அரசனுக்கு அது பொருந்தும். ஒரு மனையை விற்பவரும் அதையே எழுதியதற்குக் காரணம், எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளாமல் கொடுக்கிறேன் என்று காட்டத்தான். இதன் சட்ட பலமும் அவ்வளவுதான். 1878-ம் வருடத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணுக்கடியில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பத்திரத்தில் நிதி நிட்சேபம் என்று இருப்பது அதிலிருந்து விலக்குத் தராது.

‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்ற வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அது உங்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. புத்திரன் மகன், பௌத்திரன் மகன்வழிப் பேரன். இதைக் காட்டி, “பத்திரத்திலேயே ஆண்வாரிசுக்கு என்றுதான் எழுதியிருக்கிறது, பெண்களுக்குப் பாகம் இல்லை” என்று சொல்லும் குடும்பங்களை என் மேஜைக்கு முன்னால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அது முற்றிலும் தவறு. யார் வாரிசு என்று தீர்மானிக்க எழுதிய வரி அல்ல அது. வாங்கியவரின் ஆயுளோடு முடியாமல், வழிவழியாக இறங்கக்கூடிய முழு உரிமை என்று சொல்லும் மரபுச் சொற்றொடர். இந்த வாசகத்துக்கு இப்படித்தான் பொருள், வாங்குபவர் பெண்ணாக இருந்தாலும் அப்படித்தான் என்று 1881-லேயே பிரிவி கவுன்சில், அதாவது அன்றைக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம், சொல்லிவிட்டது. வாரிசைத் தீர்மானிப்பது 1956-ம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டம். அப்பாவின் பாகத்தில் மகளும் மகனும் சமம். பூர்வீகக் கூட்டுச் சொத்தில் பிறப்பாலேயே மகளுக்கும் உரிமை உண்டு என்று 2005-ல் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே மனையைப் பொறுத்தவரை உங்கள் கையெழுத்து இல்லாமல் அண்ணன்மார் முழுச் சொத்தையும் விற்க முடியாது.

‘தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்’ என்பதுதான் இந்த வடமொழி வரிகளில் உண்மையிலேயே வேலை செய்யும் வரி. தானமாகக் கொடுக்க, வினிமயம் அதாவது பரிவர்த்தனை செய்ய, விக்கிரயம் அதாவது விற்க உனக்கு அதிகாரம் உண்டு என்று அர்த்தம். இப்போது இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1917-ம் வருடத்துக் கிரயத்தில் இந்த வரி இருக்கும். 1931-ம் வருடத்து ஒத்தியில் இருக்காது. அதற்குப் பதிலாக ‘தொகைக்கு வட்டியும் நிலத்துக்குப் பலனும் இல்லாமல் நீர் அனுபவித்துக்கொண்டு, எப்போது ஒத்தித் தொகையை நான் செலுத்துகிறேனோ அப்போது நிலத்தை என் வசம் விட்டுவிட வேண்டியது’ என்கிற மாதிரி ஒரு வாசகம் இருக்கும். கொடுத்த பணத்துக்கு நீ வட்டி கேட்காதே, என் நிலத்தின் மகசூலுக்கு நான் கணக்குக் கேட்கவில்லை என்பதுதான் ஏற்பாடு. பத்திரத்தின் உயிர் அந்த வாக்கியம். சுவாதீனம் என்ற சொல்லும் அண்ணன்மார் நினைப்பது போல் சொந்தம் அல்ல. கைவசம், அனுபவத்தில் இருப்பது என்று மட்டுமே பொருள்.

1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இதை அடமானத்தில் ஒரு வகையாகவே வைத்திருக்கிறது. சென்னைப் பக்கத்தில் இதையே போக்கியம் என்பார்கள். அனுபவிக்கத் தக்கது என்ற பொருளுள்ள வடசொல் அது. இன்றைக்கு மதுரைப் பக்கம் வீட்டை ஒத்திக்கு எடுப்பது என்றால் மொத்தத் தொகை கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பது. அப்படிக் குடியிருப்பவர் ஒருநாளும் வீடு தன்னுடையது என்று சொல்லமாட்டார். உங்கள் நஞ்சையின் கதையும் அதுதான். காலம் நீண்டுவிட்டதால் மறந்துபோயிருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் நெல் விலை விழுந்து, வரி கட்டப் பணமில்லாமல் டெல்டாவில் பல குடும்பங்கள் நிலத்தை ஒத்தி வைத்தன. என்றைக்காவது மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் கிரயம் எழுதாமல் ஒத்தி எழுதினார்கள். அந்த நம்பிக்கையைச் சட்டம் மதிக்கிறது.

“தொண்ணூறு வருஷம் ஆகிவிட்டதே, காலம் கடந்துவிடவில்லையா?” என்று அண்ணன்மார் கேட்பார்கள். 1908-ம் வருடத்துக் காலவரம்புச் சட்டத்தில் மீட்பதற்கு 60 வருடம் இருந்தது. 1963-ம் வருடத்துச் சட்டம் அதை 30 ஆக்கியது. இதை வைத்து நிலம் நமக்கு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மீட்கும் தேதி குறிக்காத சுவாதீன அடமானத்தில், பத்திரம் எழுதிய நாளிலிருந்து அந்தக் கெடு ஓடத் தொடங்காது, பணம் தீர்ந்த பிறகுதான் தொடங்கும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. போதாக்குறைக்கு, 1938-ம் வருடத்து மெட்ராஸ் விவசாயிகள் நிவாரணச் சட்டத்தில் பின்னால் சேர்த்த ஒரு பிரிவு, ஒத்திக்காரர் 30 வருடம் அனுபவித்திருந்தால் விவசாயியின் கடன் தீர்ந்ததாகவே கொள்கிறது. அதற்கு விலக்குகள் உண்டு. உங்கள் வழக்கில் அது பொருந்துமா என்பதை அசல் பத்திரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒத்திக்காரராக உள்ளே வந்தவர் நீண்ட நாள் இருந்தார் என்பதற்காக மட்டும் எதிரிடை அனுபவம், அதாவது நீண்ட காலம் கைவசம் வைத்திருந்ததாலேயே சொந்தம் என்று, கோர முடியாது.

பட்டாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாரிடம் நிலவரி வசூலிப்பது என்று அரசு வைத்திருக்கும் பதிவு அது. உரிமையைப் பட்டா உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. 1980-களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது, நேரில் போய் யார் உழுகிறார் என்று பார்த்துப் பெயர் ஏற்றிய இடங்கள் உண்டு. உங்கள் அப்பா பெயர் அப்படி ஏறியிருக்கலாம்.

இதனால் மனம் உடைய வேண்டாம். நம் பக்கம் திரும்பக்கூடிய ஒரு வழியும் இருக்கிறது. ஒத்தி வைத்தவர் மீட்க முடியாமல், பிற்பாடு மேல்தொகை வாங்கிக்கொண்டு அதே ஆளுக்குக் கிரயம் எழுதிக் கொடுப்பது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். அப்படி ஒரு கிரயம் இருந்தால், விலைத்தொகை விவரத்தில் ‘முன் ஒத்திக்கு வரவு வைத்துக்கொண்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அது கிடைத்துவிட்டால் உங்கள் குடும்பத்துக்கு முழு உரிமை.

அதைத் தேடும் முறை இது. ஒத்திப் பத்திரத்தின் பின்பக்கத்தில் பதிவு முத்திரைக்குக் கீழே ‘1 புத்தகம்’ என்று தொடங்கி வால்யம், பக்கம், நெம்பர் இருக்கும். 1 புத்தகம் என்றால் அசையாச் சொத்து ஆவணங்களைப் பதியும் புத்தகம். அதை யாரும் பார்வையிடலாம், நகலும் கேட்கலாம். பதிவுச் சட்டமே அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. 1931 முதல் இன்று வரை வில்லங்கம் போடுங்கள். இணையத்தில் வராத பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். கிராமம் இடையில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருக்கலாம். அதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சர்வே நெம்பரும் இன்றைய நெம்பரும் வேறாக இருந்தால் இரண்டுக்கும் தேடச் சொல்லுங்கள். கொள்ளுத்தாத்தா பெயர், ஒத்தி எழுதிக் கொடுத்தவர் பெயர் இரண்டிலும் தேட வேண்டும். பத்திரத்தின் முதல் வரியில் ‘இன்னாருக்கு’ என்று வருபவர் வாங்கியவர், ‘இன்னார் எழுதிக்கொடுத்த’ என்று வருபவர் கொடுத்தவர். இதை மாற்றிப் படித்துவிடாதீர்கள்.

அசல்களை லாமினேட் செய்யவோ, பின் குத்தவோ, மடிப்பில் டேப் ஒட்டவோ வேண்டாம். 30 வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்தை மெய்யென்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். எழுதியவரும் சாட்சிகளும் இன்று உயிரோடு இல்லாத உங்கள் பத்திரங்களுக்கு அந்த அனுமானம்தான் துணை. அப்பாவின் பெட்டியில், எந்தக் காகிதங்களோடு சேர்ந்து இருந்தன என்பதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் கையெழுத்துக்குப் பதில் ஒரு கோடோ சிலுவைக் குறியோ இருந்தால் அதுவும் ஒப்பந்தான். எழுதத் தெரியாதவர் தன் கையால் இட்ட அந்தக் குறிக்குத்தான் தற்குறி என்று பெயர்; வசைச்சொல் ஆனது பின்னால். அந்தக் குறிக்குப் பக்கத்தில் இருக்கும் சாட்சிகளின் பெயர்களையும் ஊர்களையும் குறித்துக்கொண்டால், ஒத்தி வைத்த குடும்பத்தைத் தேட உதவும்.

தேடியும் கிரயம் கிடைக்கவில்லை என்றால், ஒத்தி வைத்தவரின் வாரிசுகளைக் கண்டுபிடித்து நேரில் பேசுங்கள். அவர்கள் தொகை வாங்கிக்கொண்டு கிரயமோ, தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ எழுதிக் கொடுக்க முன்வரலாம். பெண்மக்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். நிலத்தைத் திரும்பக் கேட்டால், அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்பதை உங்கள் குடும்பம் ஏற்கத்தான் வேண்டும். இது எதுவும் முடியாமல், யாதொரு வில்லங்கமும் இல்லை என்று உறுதி எழுதி வேறொருவருக்கு விற்றால், நாளைக்கு அந்த உறுதிமொழிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அதில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும். நிலத்துக்கான எந்தப் பத்திரத்திலும் இப்போதைக்கு நீங்கள் கையெழுத்திடாதீர்கள். வில்லங்கச் சான்று கைக்கு வந்ததும் அதையும் இரண்டு அசல்களையும் எடுத்துக்கொண்டு கும்பகோணத்திலேயே ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள். அண்ணன்மாரையும் கூடவே அழைத்துப் போங்கள்.